சேதுச் சீமை – 7: மணலில் பிடித்த லிங்கம்

சென்ற இதழைக் கீழக்கரை முத்துச் சலாபத்தோடு நிறுத்தியிருந்தோம். ஆறு அத்தியாயம் ஆகியும் இராமேசுவரம் கோயில் வாசலை மிதிக்கவில்லையே என்று வாசகர்கள் நினைத்திருக்கக்கூடும். வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். சீமையின் வறட்சி தெரியாமல் கோயிலுக்குள் போனால் கோயிலின் அருமை புரியாது. வைகை கடலைத் தொடுமுன்பே வற்றிப்போகும் மண் இது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. மிச்சமெல்லாம் பனையும் உடைமரமும் உப்புக்காற்றும். இந்தக் கரையை ஒட்டிக் கடலுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது ஒரு மணல் தீவு. அந்தத் தீவுக்காக மதுரை நாயக்கர் புதிதாக ஓர் அரச மரபையே உண்டாக்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அதன் பெயரைத் தங்கள் காசில் பொறித்தார்கள். போலனறுவையிலிருந்து படை வந்தது. தக்காணத்து மன்னன் ஒருவன் அங்கே வெற்றித்தூண் நட்டதாகப் பட்டயம் எழுதிவைத்தான்.

நெல்லுக்கோ முத்துக்கோ வந்த கூட்டம் இல்லை இது. ஒரு கதை இழுத்து வந்த கூட்டம். அந்தக் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் முழுவதும் சொல்லிவிடுகிறேன். அதன் ஒவ்வொரு திருப்பமும் இன்று அங்கே ஒரு சன்னதியாகவோ சடங்காகவோ நிற்கிறது.

இராவணன் மாண்டுவிட்டான். சீதையோடு திரும்பும் இராமன் கந்தமாதன பருவதத்தில் வந்து இறங்குகிறான். பருவதம் என்பது பெயருக்குத்தான். தீவிலேயே உயரமான மணல்மேடு அது. வெற்றியைக் கொண்டாட வேண்டிய நேரத்தில் முனிவர்கள் வேறு பேச்சை எடுக்கிறார்கள். இராவணன் அரக்கனே ஆனாலும் புலத்தியரின் பேரன், விசிரவசின் மகன், வேதம் ஓதியவன். அவனைக் கொன்ற பிரம்மஹத்தி உன்னை விடாது. சிவலிங்கம் ஸ்தாபித்துப் பூசித்தால்தான் தீரும் என்கிறார்கள். முகூர்த்தம் குறிக்கப்படுகிறது. லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலாயம் போகிறான். போன இடத்தில் சிவன் உடனே காட்சி தரவில்லை. தவம் இருந்து பெறவேண்டியதாகிறது. இங்கே நேரம் நெருங்குகிறது. சீதை மணலைக் குவித்து விளையாட்டாகப் பிடித்துவைத்த லிங்கம் ஒன்று இருக்கிறது. முனிவர்கள் அதையே காட்ட, இராமன் அதைப் பிரதிஷ்டை செய்து பூசையையும் முடித்துவிடுகிறான்.

அப்புறம்தான் அனுமன் வந்து சேர்கிறான். மற்றப் புராணங்களாக இருந்தால் பக்தன் பணிந்து ஒதுங்கியிருப்பான். இங்கே அனுமன் கோபப்படுகிறான், அழுகிறான், இத்தனை தூரம் அலையவிட்டு அவமானப்படுத்திவிட்டீர்களே என்று இராமனிடமே கேட்கிறான். இராமன் அவனைத் தடுக்கவில்லை. முடிந்தால் மணல் லிங்கத்தைப் பெயர்த்து எடு, நீ கொண்டுவந்ததை வைத்துவிடலாம் என்கிறான். அனுமன் கையால் அசைத்துப் பார்க்கிறான். பிறகு வாலைச் சுற்றி இழுக்கிறான். மலையைத் தூக்கியவனுக்கு மணலைத் தூக்க முடியவில்லை. இரத்தம் ஒழுக மூர்ச்சையாகி விழுகிறான். தெளிந்து எழுந்தவனை இராமன் தேற்றுகிறான். அவன் கொண்டுவந்த லிங்கத்தை வடபக்கத்தில் ஸ்தாபித்து, இதைத் தரிசித்த பிறகே என் லிங்கத்தைத் தரிசிக்க வேண்டும் என்று விதிக்கிறான். இன்றும் முதல் பூசை அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கு. அதற்குப் பிறகுதான் இராமலிங்கத்துக்கு. கோயிலில் இராமநாதர், காசி விசுவநாதர் என்று இரு பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள்.

இந்தக் கதை எப்போது முளைத்தது?

வால்மீகியைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். புஷ்பக விமானத்தில் திரும்பும்போது இராமன் சீதைக்குச் சேதுவைக் காட்டி, மகாதேவர் அருள்செய்த இடம் என்று போகிற போக்கில் சொல்கிறான். லிங்கப் பிரதிஷ்டையும் இல்லை, மணலும் இல்லை. தமிழில் இதற்கு முந்தைய தடயம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது சிவனைப் பற்றியது அல்ல. அகநானூற்றின் 70ஆம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. பாண்டியரின் பழைய கோடிக் கரையில், விழுதுகள் தொங்கும் ஆலமரத்தடியில் இராமன் மந்திராலோசனை செய்யும்போது பறவைகளின் இரைச்சலை அடக்கினானாம். அந்த ஆலமரம்போல ஊர் அலர் அடங்கிப் போயிற்று என்கிறாள் தோழி. அந்தக் கோடி தனுஷ்கோடியா, வேதாரணியத்துக் கோடிக்கரையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் ஒன்று உறுதி: இராமன் இந்தக் கடற்கரைக்கு வந்தான் என்பது சங்கப் புலவன் உவமைக்கு எடுக்கும் அளவுக்கு ஊரறிந்த சங்கதியாக இருந்திருக்கிறது. காதல் பாட்டில் உவமையாக வரவேண்டுமானால் கேட்பவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் வருகிறார்கள். சம்பந்தருக்கு இத்தலத்தில் இரண்டு பதிகம், அப்பருக்கு ஒன்று. இங்கேதான் கதையின் எலும்புக்கூடு முதன்முதலாக முழுசாகக் கிடைக்கிறது. இராவணனைக் கொன்ற பழி நீங்க வில்லேந்திய இராமன் எடுத்த கோயில் என்று சம்பந்தர் தெளிவாகப் பாடுகிறார். அரக்கரைக் கொன்ற திருமால் விரும்பிக் கட்டிய கோயில் என்பது அப்பர் வாக்கு. இராமன், கொலை, பழி, கோயில் எல்லாம் வந்துவிட்டன. கந்தபுராணத்தின் பகுதியாகச் சொல்லப்படும் வடமொழிச் சேது மாகாத்மியம் இந்த எலும்புக்குச் சதை வைத்தது: அனுமனின் தாமதம், வால், தீர்த்தங்கள், ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒரு பாவி, ஒரு விமோசனம். அதைத் தமிழில் சேதுபுராணமாகப் பாடியவர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிரம்ப அழகிய தேசிகர்.

வடக்கே கதை வேறு பாதையில் போயிருக்கிறது. துளசிதாசர் 1574இல் எழுதத் தொடங்கிய இராமசரிதமானசில் இராமன் லிங்கப் பிரதிஷ்டை செய்வது கடலைக் கடக்கும் முன்பே. அங்கே பழியும் இல்லை, பிராயச்சித்தமும் இல்லை. சிவபக்தி மட்டுமே உண்டு. கங்கை நீரைக் கொண்டுவந்து இந்த லிங்கத்துக்கு அபிஷேகம் செய்பவருக்கு முக்தி என்றும் அங்கே இராமன் வாக்களிக்கிறான். இந்தி பேசும் நாட்டிலிருந்து செம்பில் கங்கையோடு வரும் யாத்திரிகர் கூட்டத்துக்கு இந்த வாக்கே வழிகாட்டி.

இரண்டில் நம் பக்கத்துக் கதையே கனமானது என்பது என் எண்ணம். நியாயமான போர். எதிரி கொடியவன். போரில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியிருந்தும் வென்றவன் கையைக் கழுவிக்கொள்ளாமல் ஊர் திரும்பக் கூடாது என்கிறது இந்தக் கதை. இறைவனே அவதாரம் எடுத்து வந்து செய்த கொலைக்கும் கணக்கு உண்டு என்று துணிந்து சொன்ன மரபு இது. தீர்த்தங்களின் கதைகளிலும் இதே குரல்தான். கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் ஒன்றுக்குப் பெயரே பிரம்மஹத்தி விமோசன தீர்த்தம். கடைசியாக ஆடவேண்டிய கோடி தீர்த்தம் லிங்க அபிஷேகத்துக்காக இராமன் தன் வில்லின் நுனியை ஊன்றி எடுத்தது. தாய்மாமன் கம்சனைக் கொன்ற தோஷம் தீரக் கண்ணன் பின்னாளில் அதில் நீராடினான் என்று சேது மாகாத்மியம் கூட்டிச் சொல்கிறது. ஒரே தலத்தில் இரண்டு அவதாரங்களுக்குக் கொலைப்பழி தீர்த்திருக்கிறார்கள்.

சைவ வைணவச் சண்டைக்கு இத்தலம் கொடுத்த பதிலையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்றாம் பிரகாரத்தில் சேதுமாதவர் சன்னதி இருக்கிறது. பாண்டிய மன்னன் புண்ணியநிதி வளர்த்த பெண்ணின் கையை ஒரு கிழவர் வந்து பிடித்தார். அரசன் அவரைச் சங்கிலியால் கட்டிப்போட்டான். கட்டுண்டவர் திருமால், பெண் திருமகள் என்று பிறகு தெரிந்தது. காலில் சங்கிலியோடு அங்கேயே தங்கிவிட்டார் பெருமாள். காசி யாத்திரை போகிறவர்கள் சேதுவில் மணலெடுத்து லிங்கமாகப் பிடித்து, பூசித்து, அதில் ஒன்றுக்குச் சேதுமாதவர் என்றே பெயர் வைத்து எடுத்துச் செல்வதும் இதனால்தான். மணல் பிரயாகையின் திரிவேணியில் கரையும். அங்கிருந்து கங்கை நீர் எடுத்து, காசியில் விசுவநாதரைத் தரிசித்து, திரும்ப இராமேசுவரம் வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. காசிக்குப் போய்வந்தால் மட்டும் போதாது, கணக்கு இங்கேதான் முடியும். இந்தியாவின் இரு முனைகளையும் நடந்தே அளக்கவைத்த ஏற்பாடு இது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். பத்ரிநாத், துவாரகை, பூரி என்ற மற்ற மூன்றோடு சேர்த்துச் சொல்லும் நான்கு தாமங்களில் சிவன் தலமும் இது ஒன்றுதான்.

மணல் லிங்கம் இத்தனை நூற்றாண்டு அபிஷேகத்தில் கரையாமல் இருக்குமா என்ற கேள்வி நமக்கு மட்டும் தோன்றியது அல்ல. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாக்த அறிஞர் பாஸ்கரராயரிடம் ஒருவர் இதைக் கேட்டாராம். அவர் உப்பில் ஒரு லிங்கம் பிடித்து அதற்கு அபிஷேகம் செய்து காட்டினார், அது கரையவில்லை, நான் பிடித்ததே கரையாதபோது சீதை பிடித்தது எப்படிக் கரையும் என்று கேட்டார் என்று சொல்வார்கள். அந்த உப்பு லிங்கம் இன்றும் கோயிலில் பூசையில் இருக்கிறது. அதன் சொரசொரப்பான மேனியைப் பார்க்கலாம்.

இனி அரசர்கள் பக்கம் திரும்புவோம். ஒரு வேடிக்கை இங்கே கண்ணில் படும். வெற்றியின் பழியைத் தீர்க்க வந்தவன் கதையால் புகழ்பெற்ற தலத்துக்கு, தங்கள் வெற்றியைப் பறைசாற்றுவதற்கென்றே மன்னர்கள் வந்திருக்கிறார்கள். 949இல் தக்கோலத்தில் சோழரை முறியடித்த இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் இராமேசுவரத்தில் வெற்றித்தூண் நாட்டினான் என்கிறது 959ஆம் ஆண்டுக் கர்ஹாட் செப்பேடு. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரைச் சிம்மாசனத்துக்காகப் பாண்டியருக்குள் நடந்த சண்டையில், ஒரு தரப்புக்கு உதவி என்ற பெயரில் முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் படையோடு கடல் தாண்டினான். முதலில் கைப்பற்றிய ஊர்களில் இராமேசுவரமும் ஒன்று. தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள குந்துகாலில் கோட்டை கட்டி, தன் அரசன் பெயரையும் வைத்தான் என்று சூளவம்சம் பெருமையாக விவரிக்கிறது. பிறகு வந்த நிசங்க மல்லன் (1187–1196) பௌத்த மன்னன். இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்று தன் பெயரால் கோயில் எடுப்பித்ததாகக் கல்வெட்டில் பதிந்துவைத்தான். இன்று அந்தத் தூணும் இல்லை, கோட்டையும் இல்லை.

யாழ்ப்பாணத்து அரசர்களின் உறவு இவற்றைவிட நெருக்கமானது. ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என்ற விருதைச் சூடிக்கொண்டவர்கள். நந்தி உருவமும் கீழே 'சேது' என்ற எழுத்தும் பொறித்த அவர்களுடைய காசுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் உண்டு. கருவறைத் திருப்பணிக்குத் திருகோணமலையிலிருந்து கல் கப்பலேறி வந்தது என்ற மரபும் அவர்களைச் சேர்ந்ததுதான். மணலைத் தவிர வேறு எதுவும் இல்லாத தீவில் கட்டிய கோயில் இது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு கருங்கல்லும் கடல் கடந்துதான் வந்தாக வேண்டும்.

ஆனால் இத்தலத்தால் பிறந்த அரசு என்று சொன்னால் அது சேதுபதிகளின் அரசுதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறவர் நாடு யாருக்கும் அடங்காமல் கிடந்தது. பாளையக்காரர் ஒவ்வொருவரும் தனி ராஜா. சேது யாத்திரை போகிறவர்கள் கொள்ளை போனார்கள், உயிரும் போயிற்று. மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் குருநாதர் சேது யாத்திரை போக விரும்பினார் என்றும், போகலூர்ச் சடைக்கத் தேவர் அவரைக் காடு மேடு தாண்டிப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார் என்றும், அதற்குப் பரிசாகவே ஆட்சி கிடைத்தது என்றும் மரபு சொல்கிறது. 1605இல் சடைக்கத் தேவர் சேதுபதியாகப் பட்டம் சூடினார். அவருக்கு இட்ட முதல் கட்டளை வரி வசூல் மட்டும் அல்ல, யாத்திரிகர் பாதையைக் காப்பது. பாதைக்காவலே தொழிலாக ஓர் அரச வம்சம் தோன்றியதற்குத் தமிழ்நாட்டில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காவலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஒரு தலைமுறைக்குள் தெரிந்துவிட்டது. திருமலை நாயக்கருக்கும் தளவாய் சேதுபதிக்கும் பகை மூண்டது. 1639 வாக்கில் நாயக்கரின் தளபதி இராமப்பையன் பெரும் படையோடு வந்தான். சேதுபதி தீவுக்குள் ஒதுங்கிக்கொண்டார். கடல் நடுவில். இராமப்பையன் என்ன செய்தான் தெரியுமா? கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலுக்கு அணை போட்டான். சேதுவைக் காப்பவரைப் பிடிக்க, இராமன் பெயர் கொண்ட ஒருவன் இரண்டாவது சேது கட்டினான்! நாட்டுப் பாடகர்கள் இதை விடுவார்களா? 'இராமப்பையன் அம்மானை' என்று தனிக் கதைப்பாடலே பிறந்தது. சேதுபதி பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனார்.

ஆனால் வென்ற நாயக்கரால் நாட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை. காவல் இல்லாத சேதுப் பாதையில் பழையபடி கொள்ளை. வடநாட்டிலிருந்து வந்த பைராகிகளும் யாத்திரிகர்களும் மதுரைக்கே போய், சேதுபதியை விடுதலை செய்தால்தான் எங்களால் இராமேசுவரம் போக முடியும் என்று முறையிட்டார்களாம். நாயக்கர் சேதுபதியை விடுவித்துப் பழைய பட்டத்தையே கொடுத்து அனுப்பினார். சிறையிலிருந்த அரசனை யாத்திரிகர்கள் மீட்டார்கள் என்பது கேட்பதற்கே புதுமையாக இருக்கிறது. இதில் மிகை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நாயக்கருக்கு வேறு எந்தப் பாளையக்காரனையும் இப்படித் திருப்பி அனுப்பத் தேவை ஏற்படவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

நாம் இன்று பார்க்கும் கோயில் பெரும்பாலும் இந்தச் சேதுபதிகளின் கைவேலை. தலைமுறை தலைமுறையாக வெளியே வெளியே பிரகாரங்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள். கிழக்கு மேற்கில் 690 அடி, வடக்கு தெற்கில் 435 அடி. கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட நூலில் திராவிடப் பாணியின் அழகுகள் எல்லாமும் அதன் குறைகள் எல்லாமும் ஒருசேரத் தெரியும் கோயில் இதுவே என்று தீர்ப்பு எழுதினார். குறை என்று அவர் கண்டது, இத்தனை உழைப்பும் வெளியே எடுபடாமல் போன அமைப்பை. அவர் நடந்து பார்த்தது உச்சி வேளையாக இருந்தால் நமக்குப் புரியாத சங்கதி ஒன்றும் இல்லை. கோபுரமும் விமானமும் கண்ணுக்கு எட்டாமல், சுற்றிச் சுற்றி வரவைக்கும் நிழலே இங்கே கட்டடம். வெயிலில் நாட்கணக்காக நடந்து வந்தவன் காலுக்கு அந்த நிழல் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெர்குசன் அளவுகோலில் சேர்க்கவில்லை. கிழக்கு இராஜகோபுரத்துக்கு வேறு விதி. 17ஆம் நூற்றாண்டில் தளவாய் சேதுபதி தொடங்கியது மொட்டையாகவே நின்றுபோய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றால் 126 அடி உயரத்துக்கு நிறைவு பெற்றது.

கோயிலுக்குள் பூசை செய்யும் குருக்கள் மராட்டிய வழியினர்; சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்று வருபவர்கள். விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம், சங்கராசாரியார் மரபோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தமிழ்ப் பதிகம் பெற்ற தலம், மறவர் காவல், மராட்டியர் பூசை, கன்னட நாட்டு மடத்தின் தீட்சை, வடநாட்டார் கங்கை. இந்தக் கலப்பு யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. பாதை செய்த வேலை. கோயில் விழாவுக்கு முஸ்லிம் படகுக்காரர்கள் துணைநின்ற கதையை அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். சீதா இராமர் திருக்கல்யாணத்தின்போது சுவாமி விக்கிரகங்களை இராமதீர்த்தத்தின் நடுவே கொண்டுசெல்லத் தனியாக மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்வது அவருடைய குடும்பத்தின் வழக்கமாக இருந்தது.

பாதையின் மறுபக்கத்தைத் தஞ்சை மராட்டியர் பார்த்துக்கொண்டார்கள். தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் வரை சத்திரங்கள். இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றை விவரித்திருக்கிறார்: வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு, நோயாளிக்கு மருந்து, வழியில் பெற்றோரை இழந்த குழந்தைக்குப் படிப்பு. கம்பெனி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், சத்திரங்களை மட்டும் தொடாதிருக்கட்டும் என்ற தவிப்பு அந்தக் கடிதம் முழுவதும் தெரிகிறது.

1897 ஜனவரி 26 அன்று மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியதும், பாஸ்கர சேதுபதி வரவேற்றதும் பலருக்குத் தெரியும். மறுநாள் இராமநாதர் கோயிலில் அவர் பேசியது அவ்வளவு தெரியாது. ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவபூசை செய்கிறான். விக்கிரகத்தில் மட்டும் காண்பவனுடைய பூசை ஆரம்பநிலைதான் என்று, பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்றின் வாசலில் நின்றுகொண்டே சொன்னார். எதிர்ப்பு எழவில்லை. பக்கத்துச் சத்திரங்களில் அன்றும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் சொன்னது அந்த ஊருக்குப் புதிதில்லை.

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறந்ததும் நடைப்பாதை செத்துவிட்டது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அந்தத் தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் கடலோடு கொண்டுபோனது. பயணிகள் இரயிலும் தப்பவில்லை. விபீஷணன் அடைக்கலம் புகுந்த இடம் என்று சொல்லும் கோதண்டராமர் கோயில் மட்டும் நின்றது. ஆனியில் நடக்கும் இராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் விபீஷண பட்டாபிஷேகம் இன்றும் அங்கேதான். 1988இல் சாலைப் பாலமும், 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலமும் வந்தபிறகு கடலைத் தாண்டுவது நிமிடக் கணக்காகிவிட்டது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்கினி தீர்த்தக் கரையில் நிற்க இடம் கிடைக்காது. முன்னோருக்குத் தர்ப்பணம், கடலில் முழுக்கு, ஈரத் துணியோடு 22 கிணறுகள், வாளி வாளியாகத் தலையில் நீர், கோடி தீர்த்தம், உடை மாற்றிச் சுவாமி தரிசனம் என்று பாதி நாளில் யாத்திரை முடிந்துவிடுகிறது. கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் அந்தக் கிணறுகள் உப்புக் கரிப்பதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இராமேசுவரம் போகிறவர்கள் நேரே பாலம் ஏறிவிடாதீர்கள். பழைய யாத்திரை வரிசையில், முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், பிறகு கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் தேவிபட்டினம், இராமன் தர்ப்பையில் படுத்த கோலத்தில் இருக்கும் திருப்புல்லாணி, அதை ஒட்டிய சேதுக்கரை, அதன்பின் தீவு என்று போங்கள். அரை நாள் கூடுதலாக ஆகும். வழியில் கூரை சரிந்த சத்திரம் ஏதாவது தென்பட்டால் இறங்கிப் பாருங்கள். கல்வெட்டு இருந்தால் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பு பூசி மறைந்துபோகும் முன் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.

இராமப்பையன் கடலுக்குப் போட்ட அணையையும், சேதுபதியின் மருமகன் வன்னியன் அதற்குக் கொடுத்த பதிலையும், போர்ச்சுகீசியர் அந்தச் சண்டைக்குள் எப்படி வந்தார்கள் என்பதையும் அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)